குண்டு இருக்கும்போது பேச்சு எதற்கு?

கேள்வி: எங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாம் 1998-ல் பொக்ரான் அணுச் சோதனைகளில் முன்னணியில் நின்றார் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அணுகுண்டு இருந்தால் எதிரி நெருங்கமாட்டான் என்றால், பிறகு பேச்சுவார்த்தை எதற்கு?
- மீனவர் குடும்பத்து வாசகர், பாம்பன்

பதில்: அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால், இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு வெடித்துக் காட்டிய மறு ஆண்டே கார்கிலில் போர் மூண்டதை நினைத்துப் பாருங்கள்.

தான் அடித்தால் நாம் திருப்பி அடிப்போம் என்று எதிராளி நம்ப வேண்டும்; தான் அடங்கியிருந்தால் நாமும் அடங்கியிருப்போம் என்றும் அவன் நம்ப வேண்டும். முன்னதற்குக் குண்டு போதும். பின்னதைப் பேசித்தான் நம்பவைக்க முடியும்.

கியூபாவில் சோவியத் ஒன்றியம் அணு ஏவுகணைகளை நிறுத்தியதால் அமெரிக்காவோடு போர் மூளும் நிலை இருந்த 1962 அக்டோபர் 27 அன்று, கியூபா அருகே பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கியில் நடந்ததை, கடலறிந்த நீங்கள் எளிதில் உணர்வீர்கள். மின்கலங்கள் தீர்ந்துகொண்டிருந்தன, உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. அதை மேலே வரவழைப்பதற்காக அமெரிக்கக் கப்பல்கள் போட்ட சிறு வெடிகளைக் கேட்ட நீர்மூழ்கியின் தலைவர், மேலே போரே தொடங்கிவிட்டது என்று கருதி, அணுகுண்டு பொருத்திய டார்பிடோவை ஆயத்தம் செய்யச் சொன்னார். உடனிருந்த வசிலி அர்கிப்போவ் என்ற அதிகாரி அவரைத் தணித்து, கப்பலை மேலே கொண்டுவரச் செய்தார். அப்படியொரு டார்பிடோ கீழே இருந்தது மேலே நின்ற அமெரிக்கர்களுக்குத் தெரியாது. தெரியாத குண்டுக்கு யார் அஞ்சுவார்கள்?

அதே நாள் இரவு வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட், சோவியத் தூதரைச் சந்தித்து, துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகள் பின்னர் அகற்றப்படும் என்று இரகசியமாக உறுதி கூறினார். சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவிலிருந்து வெறுங்கையோடு பின்வாங்காமலிருக்க அது உதவியது. வெளியே சொல்லாததால் கென்னடியின் மானமும் தப்பியது. தலைவர்களைப் போருக்குத் தள்ளுவதில் பயத்தைவிட மானத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம். மறு ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தகவல் இணைப்பு அமைத்தார்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு எதிரே வரும் படகைத்தானே நீங்களும் அதிகம் அஞ்சுவீர்கள்? இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-ல், ஒன்றன் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்து, அந்நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று பரிமாறிக்கொள்கின்றன. கார்கிலுக்குப் பிறகு வந்த ஜனவரியிலும் அந்தப் பட்டியல் கைமாறியது.