எருதுகளைப் பார்த்து அழுத சிறுவன்

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் சான்சலர் (அரசாங்கத் தலைவர்) பிஸ்மார்க் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தொழிலாளர்களுக்கு அவர் காப்பீடு கொண்டுவந்தது இரக்கத்தாலா, சோஷலிஸ்டுகள் மேலிருந்த பயத்தாலா? அப்புறம், அவருடைய அம்மா கதையும் மகன் காதலும் எதற்கு? வெறும் வம்புதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பயம்தான் பெரிய காரணம். 1878இல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டவர், 1883இல் மருத்துவக் காப்பீடும் 1889இல் முதியோர் ஓய்வூதியமும் கொடுத்தார். ஓய்வூதியம் 70 வயதில்தான் கிடைக்கும். அத்தனை வயதுவரை எத்தனை தொழிலாளிகள் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் 'வம்பு' என்றீர்களே, அதை நான் விடப்போவதில்லை. ஒரு மனிதன் வீட்டில் அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறான் என்று பார்ப்பது வம்பா?

பிஸ்மார்க்குக்கு ஆறு வயதானபோது, கிராமத்துப் பண்ணையிலிருந்து பெர்லின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அது அம்மா வில்ஹெல்மினேயின் முடிவு. பள்ளி ஜன்னல் வழியாக எருதுகள் உழுவதைப் பார்த்தால், க்னீப்ஹோஃப் பண்ணையின் ஏக்கத்தில் அழுகை வந்துவிடும் என்று பின்னாளில் அவரே சொன்னார். 1847இல், தான் மணக்கவிருந்த ஜோஹன்னாவுக்கு எழுதிய கடிதத்தில், சிறுவயதில் அம்மாவை வெறுத்ததாக ஒப்புக்கொள்கிறார். முப்பத்தொரு வயது ஆளுக்கு அந்தக் காயம் ஆறவில்லை.

அந்தச் சிறுவன் அப்பாவானபோது என்ன செய்தான்? 1881இல் மூத்த மகன் ஹெர்பர்ட், எலிசபெத் என்ற இளவரசியை மணக்க விரும்பினான். அவள் அவனுக்காகவே விவாகரத்து வாங்கியவள். அவளுடைய உறவினர்கள் பிஸ்மார்க்கின் அரசியல் எதிரிகள். ஐரோப்பாவே அஞ்சிய அந்த மனிதர் மகன் முன்னால் அழுதார், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினார். விவாகரத்தான பெண்ணை மணக்கும் வாரிசுக்குக் குடும்பச் சொத்து கிடையாது என்று விதியும் மாற்றப்பட்டது. வெனிஸில் அவள் காத்துக்கொண்டே இருந்தாள். அவன் போகவில்லை.

என் மகள் ஒருநாள் இரவு தட்டில் கையை வைத்தபடி, தான் யாரை விரும்புகிறாள் என்று சொன்னாள். 'நான் செத்துப்போயிடுவேன்' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். பெற்றவர்கள் கையிலிருக்கும் அந்த ஆயுதம் எவ்வளவு கொடியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதை வம்பு என்று தள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஹெர்பர்ட் அப்பாவின் கீழேயே வெளியுறவுச் செயலர் ஆனார். 1890இல் அப்பா பதவி இழந்ததும் கூடவே வெளியேறினார். குடி கூடியது. 1892இல் வேறொரு பெண்ணை மணந்தார். 1904இல், 54 வயதில் இறந்தார். எலிசபெத் வெனிஸிலேயே வாழ்ந்து 1914இல் இறந்தார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல வாசகர் நீங்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஜோஹன்னாவுக்கு அவர் எழுதிய கடிதங்களைத் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.