96 கேன் மண்ணெண்ணெய்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். ஒரே மகள் பாரிசின் புறநகரில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் சொல்தா குடும்பம் (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்களின் வம்சம்), தலைமுறைகளாக பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். பேரன் பிறந்ததிலிருந்து நானும் மனைவியும் ஐந்து முறை போய் வந்துவிட்டோம். லீவு கிடைத்த அளவுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று வாரம்.

போன மாதம் தம்பி பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். “தாத்தா, கடையில பிளாஸ்டிக் பை கொடுத்தா சண்டை போடுறீங்க, மஞ்சப்பை இல்லாம வெளியே போறதில்லை. வருஷா வருஷம் பிளேன்ல போறீங்களே, அது எத்தனை பைக்குச் சமம்?” என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் என் பங்கும் உண்டா?

தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். “நீங்க போகலைன்னாலும் பிளேன் பறக்கத்தான் போகுது மாமா. வெள்ளைக்காரன் இருநூறு வருஷம் எரிச்சுத் தீர்த்தான். நாம ஏறுற நேரத்துல இறங்குங்கிறான்” என்றான். அதுவும் சரியாகத்தான் படுகிறது. பறப்பதையே விட்டுவிடலாமா? விட்டால் பேரனை வீடியோ காலில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? நீங்கள் நிறையப் பயணம் போகிறவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்., முத்தியால்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியில் வைத்த ஊசி குத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் பேத்தியின் கணக்கு. ஜெட் விமானத்தில் ஊற்றுவது ஏதோ விசேஷ திரவம் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான் அது. நம் அம்மாக்கள் ரேஷன் கடையில் கேனோடு வரிசையில் நின்றார்களே, அதன் பணக்காரச் சொந்தக்காரன். சென்னையிலிருந்து பாரிஸ் நேர்க்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். இன்றைய பெரிய விமானம் ஓரளவு நிரம்பிப் பறந்தால், ஓர் ஆளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் எரிக்கும். போக 240, வர 240. ஆக 480 லிட்டர். ஐந்து லிட்டர் கேனில் பிடித்தால் 96 கேன். உங்கள் மனைவிக்கு இன்னொரு 96. முத்தியால்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலில் அடுக்கினால் தெரு அடைத்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் இரண்டரைக் கிலோ கரியமில வாயு. (மண்ணெண்ணெய் ஒரு கிலோகூட இல்லையே, புகை மட்டும் எப்படி இரண்டரைக் கிலோ என்று பேத்தி கேட்பாள். எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது, அந்த எடைதான்.) ஆளுக்கு 1.2 டன் வருகிறது. இந்தியர் ஒருவரின் சராசரிக் கணக்கு ஆண்டுக்கு 2 டன் அளவில் இருக்கிறது. அதில் பாதிக்கும் மேலே ஒரே பயணத்தில் போய்விடுகிறது.

இதோடு முடியவில்லை. சின்ன வயதில் வானத்தில் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு எது போனாலும் “ராக்கெட் போவுது” என்று கத்திக்கொண்டு ஓடுவோமே, அந்தக் கோடும் சும்மா இல்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் விமானப் புகையின் ஈரம் உறைந்து பனித்துகள் ஆகிறது. சில நேரம் அது கலையாமல் மெல்லிய மேகமாகப் பரவி, கீழிருந்து கிளம்பும் வெப்பத்தை மேலே போகவிடாமல் போர்வைபோல் மறிக்கிறது. விமானங்களால் ஏற்பட்ட வெப்பமூட்டலில் கரியமில வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான், பாதிக்கு மேல் இந்த மேகம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். முன்பின் இருக்கும், ஆனால் சின்ன விஷயம் இல்லை. “உலகக் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு வெறும் இரண்டரை சதவீதம்” என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தக் கோட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆனால் மஞ்சப்பையை வீசிவிடாதீர்கள். அது வேறு நோட்டில் எழுத வேண்டிய கணக்கு. பிளாஸ்டிக் பையைத் தவிர்த்தால் வானம் பெரிதாகக் குளிர்ந்துவிடாது. ஆனால் உங்கள் ஊர்ப் பெரிய வாய்க்கால் அடைக்காது, மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் போகாது. மழைக்காலத்தில் உங்கள் தெருத் தண்ணீர் வடிவதற்கு மஞ்சப்பை செய்கிற உதவியை நீங்கள் விமானம் ஏறாமல் இருந்து செய்துவிட முடியாது.

ஃபெஞ்சல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பர் 30 இரவு கரையேறிய புயல் நகராமல் உங்கள் தலைக்கு மேலேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருகி எங்கள் கடலூருக்குள் வந்தது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். அதில் உங்கள் 96 கேனும் என் கேன்களும் உண்டு, ஒரு துளியாக. அதற்காக எல்லாப் பழியையும் பருவநிலை தலையில் கட்டிவிடவும் வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் மட்டும் நின்றதற்கு, துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்ததுதான் முக்கியக் காரணம். அதற்கும் நீங்கள் பாரிஸ் போனதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் தங்கை மகனுக்கு வருவோம். அவர் இரண்டு விஷயம் சொல்கிறார், இரண்டுமே பாதி சரி.

நீங்கள் போகாவிட்டாலும் பறக்கும் என்பது நாளைக் காலை விமானத்துக்குப் பொருந்தும். அடுத்த வருஷத்து அட்டவணைக்குப் பொருந்தாது. இதைப் புதுச்சேரிக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டுமா? லாஸ்பேட்டை விமான நிலையத்தில் 2013இல் புது முனையம் திறந்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை சேவை தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது! ஆள் சேராத இடத்தில் விமானம் நிற்காது. பேருந்து முதலாளியின் அதே கணக்குதான், டிக்கெட் விலைதான் வேறு.

வெள்ளைக்காரன் எரித்தான் என்பதும் உண்மை. அமெரிக்கர் ஒருவரின் சராசரி இன்றும் நம்மைப்போல் ஆறேழு மடங்கு. உலக மாநாட்டில் இந்தியா இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும், போடுகிறது. ஆனால் நானும் நீங்களும் அந்த 2 டன் சராசரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வது கொஞ்சம் அசிங்கம். அந்தச் சராசரியைக் கீழே பிடித்து வைத்திருப்பது நாம் இல்லை. சோனாங்குப்பத்தில் வலை பின்னுகிறவர்கள், பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள். உலகத்தில் 2018ஆம் ஆண்டு விமானம் ஏறியவர்கள் நூற்றுக்குப் பதினோரு பேர்தான் என்றும், பயணிகள் விமானப் புகையில் பாதி வெறும் ஒரு சதவீத மக்களால் வருகிறது என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. அடிக்கடி பறக்கிறவர்கள் ஐரோப்பாவில் மட்டும் இல்லை. கடலூரிலும் இருக்கிறார்கள், இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் டெல்லியில் ஒரு கூட்டம். காலை விமானத்தில் அழைத்துக்கொண்டு போனார்கள். மேடையில் எனக்கு 12 நிமிஷம், அதில் நாலு நிமிஷம் மைக் வேலை செய்யவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். இரவு விமானத்தில் திரும்பிவிட்டேன். டெல்லியில் ஒரு தெருவைக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் வந்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் பொன்னாடையின் விலை 21 கேன் மண்ணெண்ணெய். அதை இப்போது இஸ்திரி போடும் மேஜைக்கு விரித்திருக்கிறோம்.

வெட்டுவதென்றால் முதலில் வெட்ட வேண்டியது இந்த மாதிரிப் பயணத்தை. ஸ்வீடனில் சில ஆண்டுகளுக்கு முன் விமானம் ஏறுவதற்கு வெட்கப்படுவதைக் குறிக்க ஒரு தனிச் சொல்லே புழக்கத்துக்கு வந்தது. நம் ஊருக்கு அந்த வெட்கம் வந்தால் தப்பான ஆள் தலையில் விழும் என்பதுதான் என் பயம். சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிற நம் பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருகிறார்கள். அப்பா போய்விட்டார் என்று கேட்டுக் கிடைத்த டிக்கெட்டில் ஓடி வருகிறார்கள். அவர்களிடம் போய் யாராவது கரியமில வாயு பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ரயில்? நாட்டுக்குள் என்றால் நிச்சயம் ரயில். பிரான்சில் இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அதில் நின்றவை மூன்றே தடங்கள் என்பது வேறு கதை. நம் பக்கத்து ரயில் இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது, அதனால் புகையே இல்லாத பயணம் என்று சொல்ல மாட்டேன். விமானத்தோடு ஒப்பிட்டால் சொற்பம், அவ்வளவுதான். பெர்த் கிடைப்பதுதான் பெரிய பாடு. புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு நேர் ரயில் வாரத்துக்கு ஒன்று. மக்கள் விமானத்தை விட வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர்கள் முதலில் அதை வாரத்துக்கு மூன்றாக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

ஆனால் பாரிசுக்கு ரயில் இல்லை, ஆகவே இது உங்களுக்கு உதவாது. மரம் நட்டு ஈடு கட்டலாம் என்று டிக்கெட் வாங்கும்போதே சில இடங்களில் காசு கேட்கிறார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம். நான் நம்புவதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து முடித்த பிறகு பண்ருட்டிப் பக்கம் போயிருந்தேன். தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரம் சேர்த்துவைத்த கரி, அது மக்கினாலோ அடுப்புக்குப் போனாலோ மறுபடி காற்றுக்குத்தான் போகும். மரம் நடுங்கள், நிழலுக்காக.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி வேறு. “லீவு கிடைத்த அளவுக்கு மூன்று வாரம்.” இப்போது உங்களுக்கு லீவு தேவையில்லையே! உங்கள் மாப்பிள்ளையின் முன்னோர்கள் சைகோனுக்கும் மார்செய்க்கும் கப்பலில் போனவர்களாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் கடலில் கிடந்து போனவர்கள் மூன்று வாரத்தில் திரும்பவில்லை. போனால் மாசக்கணக்கு, வருஷக்கணக்கு. விமானம் அந்தத் தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாக்கியது, நாம் தங்கும் காலத்தையும் சேர்த்துச் சுருக்கிக்கொண்டோம். சாதாரணச் சுற்றுலா விசாவிலேயே 180 நாளில் 90 நாள்வரை அங்கே தங்க அனுமதி உண்டு. அடுத்த நாலு வருஷத்தில் வழக்கம்போல் நாலு முறை போனால் பேரனோடு 84 நாள், ஆளுக்கு 1,920 லிட்டர். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போய் மும்மூன்று மாதம் இருந்தால் 180 நாள், 960 லிட்டர். மண்ணெண்ணெய் பாதியாகிறது, பேரன் இரண்டு மடங்காகிறான்.

மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தால் மாப்பிள்ளைக்கு என்ன தோன்றும் என்பது தனிப் பிரச்சினை. அதற்கு என்னிடம் யோசனை கிடையாது. சித்திரை, வைகாசியில் கிளம்புங்கள். குளிரும் இருக்காது, இங்கே வெயிலுக்கும் தப்பிக்கலாம். வீட்டைப் பூட்டிப்போட யோசனையாக இருந்தால் அந்தத் தங்கை மகனிடம் சாவியைக் கொடுங்கள். இவ்வளவு பேசியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பேரன் இங்கே வருகிற வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரும் வருஷம் நீங்கள் போக வேண்டியதில்லை.

பேத்தியிடம் 96 கேன் கணக்கை அப்படியே சொல்லுங்கள், குறைக்காமல். என் 21 கேனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே டெல்லி அமைப்பிலிருந்து இந்த வருஷமும் கூப்பிட்டிருக்கிறார்கள். ரயிலில் வருகிறேன், முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் தங்க இடம் வேண்டும், பேச ஒரு மணி நேரம் வேண்டும், பொன்னாடை வேண்டாம் என்று எழுதினேன். எழுதிப் பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் பதில் இல்லை.

அன்புடன்,
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து