ஆபரேட்டர் அறையிலிருந்து: கோலா மீன் தாண்டிய கறுப்புப் பட்டை

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தைப் பற்றியவை. டிவியில் மறுபடியும் போட்டுவிட்டார்கள் போல. பார்க்காதவர்களுக்கு: கப்பல் மூழ்கி, ஒரு புலியோடு படகில் கடலில் தத்தளிக்கும் பாண்டிச்சேரிப் பையன் பையின் கதை அது.

ஐயா, படத்தில் நம் பாண்டிச்சேரியில் மிருகக்காட்சி சாலை வருகிறதே, அது எங்கே இருந்தது? (மாணவர், முத்தியால்பேட்டை)

யான் மார்ட்டெல் 2001-இல் எழுதிய நாவலில் இருந்தது, தம்பி. 2011 ஜனவரியில் இயக்குநர் ஆங் லீயின் ஆட்கள் இங்கே வந்து, நம் தாவரவியல் பூங்காவையே மிருகக்காட்சி சாலையாக்கினார்கள். படப்பிடிப்பு தொடங்கியதே உங்கள் பேட்டை ஜெபமாலை மாதா கோயிலில்தான். எனக்கு ஒரு குறை உண்டு. படத்தில் காரை பெயர்ந்த சுவர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் நேற்று வெள்ளையடித்த மாதிரி. அப்புறம் யோசித்தால், வளர்ந்து பெரியவனான பை கனடாவில் உட்கார்ந்து தன் சின்ன வயசு ஊரை நினைத்துச் சொல்கிற கதை அது. நினைப்பில் யார் வீட்டுக் காரை பெயர்கிறது?

227 நாள் கடலில் கிடக்கிறான். கடல் கண்ணாடி மாதிரி நிற்கிறது, ராத்திரியில் நீலமாக மின்னுகிறது. நாங்கள் பார்க்கிற கடல் அப்படி இல்லையே? (மீனவர் வீட்டுப் பெண், தேவனாம்பட்டினம்)

உங்களிடம் கடலைப் பற்றி வாதாட எனக்குத் தைரியம் இல்லை அம்மா. அது தைவானில், தைச்சுங் நகரத்தில், பயன்பாட்டில் இல்லாத விமான நிலையத்தில் கட்டிய அலைத்தொட்டி. ராத்திரியில் நீலமாக மின்னுவது மட்டும் பொய்யில்லை. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் நுண்ணுயிர்களால் அலைகள் அப்படி மின்னியதைப் பலர் படம் பிடித்தார்கள்.

கண்ணாடிக் கடலுக்கு வேறு காரணம் உண்டு. பையன் சின்னவனாக இருக்கும்போது, வாய்க்குள் உலகத்தைக் காட்டிய கண்ணன் கதையைச் சித்திரக்கதைப் புத்தகத்தில் படிக்கிறான். தெப்பத் திருவிழாவில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கிறான். பிற்பாடு நடுக்கடலில் வானம் எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போகிறது, படகு அந்தரத்தில் தொங்குகிறது. ஆளைத் தின்னும் தீவு தூரத்திலிருந்து படுத்திருக்கும் உருவமாகத் தெரிகிறது. தெப்பத்தில் பார்த்த அதே கோலம்! அந்தப் பையன் கண்ணில் கடல் எப்படிப் பட்டதோ, அதைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

பறக்கும் மீன் காட்சியில் மட்டும் திரை மேலும் கீழும் சுருங்குவது ஏன்? என் டிவியில் கோளாறா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வில்லியனூர்)

இப்படி ஒரு கேள்வி எப்போது வரும் என்றுதான் காத்திருந்தேன். 26 வருஷம் புரொஜெக்டர் ஓட்டியவன் நான். ஒருமுறை ஸ்கோப் படத்துக்கு, அதாவது அகலத் திரைப் படத்துக்கு, சாதா லென்ஸைப் போட்டுவிட்டேன். கதாநாயகனும் கதாநாயகியும் முருங்கைக்காய் மாதிரி நீண்டு நின்றார்கள். கீழே விசில். முதலாளி மாடிப்படி ஏறி வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் 2012-இல் இந்தப் படத்தை 3டி கண்ணாடியோடு பார்த்தபோது, திடீரென்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்ததும் நான் பின்னால் திரும்பி ஆபரேட்டர் அறை ஓட்டையைப் பார்த்தேன். பாவம் அந்தப் பையன், மாட்டிக்கொண்டான் என்று. மறுபடி திரையைப் பார்த்தால் கோலா மீன் ஒன்று கறுப்புப் பட்டையைத் தாண்டி வெளியே வந்துவிட்டது! படத்துக்குள் இருக்கிற மீன் சட்டத்துக்கு வெளியே பறக்கிறது. படத்தின் பெரும்பகுதியில் திரையின் அகலம் உயரத்தைப் போல 1.85 மடங்கு, அந்தக் காட்சியில் மட்டும் 2.35 மடங்கு. பட்டையைப் போட்டதே மீன் அதைத் தாண்ட வேண்டும் என்பதற்காகத்தான். படகை மேலிருந்து பார்க்கும் இன்னொரு காட்சியில் பழைய டிவி அளவுக்குச் சதுரமாக்கியிருப்பார்கள், நாவலின் அட்டைப்படம் போல. 1984-இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ காலத்திலிருந்து 3டி என்றால் சாமானை நம் மூக்குக்கு நேரே நீட்டுவது என்றாகிவிட்டது. ஆங் லீ பெரும்பாலும் ஆழத்துக்கே அதைப் பயன்படுத்துகிறார்.

உங்கள் டிவி நன்றாகத்தான் இருக்கிறது, சார். பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் புலி நிஜமா? (கடலூர் முதுநகர்)

சில இடங்களில் நிஜம், பெரும்பாலும் கம்ப்யூட்டர். செய்த நிறுவனம் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாள் முன்னால் திவால் மனு கொடுத்தது.

கடைசியில் சொல்கிற இரண்டு கதைகளில் எது உண்மை? வீட்டில் சண்டையே வந்துவிட்டது. (இல்லத்தரசி, லாஸ்பேட்டை)

சண்டை நடக்கட்டும், நல்லதுதான். கரை சேர்ந்த பையன், புலியோடு தப்பிய கதையை நம்பாதவர்களுக்குப் புலி இல்லாத இன்னொரு கதையையும் சொல்கிறானே, அதைத்தானே கேட்கிறீர்கள்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். புலி இருக்கிற கதைக்குத் திமிங்கிலம், புயல், மின்னும் கடல் என்று கோடிக்கணக்கில் செலவு. புலி இல்லாத கதைக்கு என்ன கொடுத்தார்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பையனின் முகம். அவ்வளவுதான். வரிக்குதிரை மாலுமியாகிறது, கழுதைப்புலி சமையல்காரனாகிறது, ஓராங்குட்டான் அம்மாவாகிறது. எதையும் காட்டவில்லை, கேமரா மெல்ல முகத்துக்குக் கிட்டே போகிறது. வேறு இயக்குநராக இருந்தால் ரத்தத்தோடு ஃபிளாஷ்பேக் வைத்திருப்பார். இங்கே நாம் பார்த்தது ஒரு கதை, கேட்டது இன்னொரு கதை. என்னைக் கேட்டால், எனக்குக் கேட்ட கதைதான் நிஜமாகப் படுகிறது. அந்தப் பையன் அழுத விதம் அப்படி. என் மனைவி புலி கட்சி. படம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் தீரவில்லை.

ஆறு வயசுப் பேத்திக்குக் காட்டலாமா? (தாத்தா, நெல்லித்தோப்பு)

காட்டலாம். கப்பல் மூழ்கியதும் படகில் கழுதைப்புலி தலைகாட்டும்போது மட்டும் சமையலறையில் முறுக்கு டப்பாவைத் தேடி எடுத்து வரச் சொல்லி அனுப்புங்கள். டப்பாவைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.