டிக்கெட் தாளைத் தொலைத்துவிட்டேன், இப்போது லைசென்ஸுக்குத் தடை

கேள்வி: டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன், எச்-1பி விசா. போன டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு பிக் பெண்ட் போனோம். ஃபோர்ட் ஸ்டாக்டனில் இருந்து மாரத்தான் போகும் 385-ஆம் நெடுஞ்சாலையில் ஹைவே பேட்ரோல்காரர் நிறுத்தி, 15 மைல் கூடுதல் வேகம் என்று டிக்கெட் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காரில் எங்கோ வைத்த தாளைக் காணவில்லை. கோர்ட்டிலிருந்து தபால் வரும் என்று இருந்துவிட்டேன். நடுவில் வீடும் மாறிவிட்டோம். இப்போது புது ஐ-797 (குடியேற்றத் துறையின் ஒப்புதல் தாள்) வந்து லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் தடை இருக்கிறது என்கிறார்கள். எந்த கவுண்டி என்றுகூடத் தெரியவில்லை. 30 டாலர் கட்டினால் எல்லா கவுண்டி ரெக்கார்டும் தேடித் தருவதாக ஒரு இணையதளம் சொல்கிறது. கட்டலாமா? என்னை அரெஸ்ட் செய்வார்களா? அடுத்த மாதம் சென்னையில் விசா ஸ்டாம்பிங் வேறு இருக்கிறது. – கே.

பதில்: அந்த 30 டாலரைக் கட்டாதீர்கள். அந்த மாதிரித் தளங்கள் எங்கெங்கோ திரட்டிய பழைய தகவலை விற்கின்றன. கிராமப்புற கவுண்டிகளின் சின்ன கோர்ட்டுகளில் பல தங்கள் வழக்குகளை இணையத்தில் போடுவதே இல்லை. இல்லாததைத் தேடி யாராலும் தர முடியாது.

உங்கள் டிக்கெட் போலீஸிடம் இல்லை, ஒரு கோர்ட்டில் இருக்கிறது. டெக்சஸில் நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் பொதுவாக அந்த நகரின் முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். ஹைவே பேட்ரோல் ட்ரூப்பரோ ஷெரிஃபின் டெபுடியோ கொடுத்தால், சம்பவம் நடந்த கவுண்டியின் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுக்குப் போகும். சுருக்கமாக ஜேபி கோர்ட் என்பார்கள். ஒரு கவுண்டியில் ஒன்று முதல் எட்டு ப்ரீசிங்ட் (உட்பிரிவு) வரை இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஜேபி, தனி கிளார்க், தனி ஃபைல். ஒன்றாம் ப்ரீசிங்ட் கிளார்க் "உங்கள் பேரில் ஒன்றுமில்லை" என்றால், அவரிடம் ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். (ஜேபி சட்டம் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் டெக்சஸில் இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது எப்போதும் ஆச்சரியம்.)

உங்கள் விஷயத்தில் குழப்பம் வந்ததற்குக் காரணம் சாலைதான். ஃபோர்ட் ஸ்டாக்டன் இருப்பது பெகோஸ் கவுண்டியில், மாரத்தான் இருப்பது ப்ரூஸ்டர் கவுண்டியில். கவுண்டி எல்லை நடுவழியில் வருகிறது. ப்ரூஸ்டரின் பரப்பு 6,000 சதுர மைலுக்கு மேல், கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. ஜனங்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. எந்த இடத்தில் நிறுத்தினார் என்று ஞாபகத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். இதுவே பிக் பெண்ட் பூங்காவுக்குள் ரேஞ்சர் கொடுத்த டிக்கெட்டாக இருந்தால் கதை வேறு: அது ஃபெடரல் வழக்கு, சான் அன்டோனியோவில் உள்ள சென்ட்ரல் வயலேஷன்ஸ் பியூரோ வழியாகப் போகும், கவுண்டியில் தேடினால் கிடைக்காது.

நல்லவேளை, உங்கள் லைசென்ஸுக்கு வந்த தடையே வழியும் காட்டும். டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாதவர்களின் பெயரைக் கோர்ட்டுகள் ஆம்னிபேஸ் என்ற நிறுவனம் வழியாக டிபிஎஸ்-க்கு (லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத் துறை) அனுப்புகின்றன. இதற்குப் பெயர் 'ஃபெயிலியர் டு அப்பியர்' திட்டம். அவர்களுடைய டெக்ஸஸ்ஃபெயிலியர்டுஅப்பியர் டாட் காம் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால், எந்த கோர்ட் தடை போட்டது, அதன் தொலைபேசி எண் என்ன என்று வந்துவிடும். இதற்குக் காசு கிடையாது. அங்கே ஒன்றும் வராவிட்டால் இரண்டு கவுண்டியின் ஜேபி கோர்ட்டுகளையும் ஒவ்வொன்றாக அழைக்க வேண்டியதுதான். எண்களைக் கவுண்டியின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

கிளார்க்கிடம் பேசும்போது நம் பெயர் ஒரு தனிப் பிரச்சினை. அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்து லைசென்ஸில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும், அல்லது இரண்டு பெயரும் இடம் மாறியிருக்கும். சின்ன கோர்ட்டின் கணினி எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும். அதனால் பெயரைச் சொல்லி "இல்லை" என்றவுடன் போனை வைக்காதீர்கள். லைசென்ஸ் எண்ணை வைத்துத் தேடச் சொல்லுங்கள், பிறகு பிறந்த தேதியை வைத்து, அப்புறம் கார் நம்பர் பிளேட்டையும் டிக்கெட் கொடுத்த தேதியையும் வைத்து. நாளும் மாதமும் மாறிப் பதிவாகியிருக்கலாம், அதையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிதானமாகக் கேட்டால் கிராமத்து கிளார்க்குகள் பெரும்பாலும் உதவுவார்கள். டாலஸ், ஹூஸ்டன் மாதிரி மணிக்கணக்கில் இசை கேட்டுக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. மதிய உணவு நேரத்தில் மட்டும் அழைக்காதீர்கள், பல இடங்களில் அந்த அலுவலகத்துக்கே ஒரே ஆள்தான்.

கோர்ட்டைக் கண்டுபிடித்ததும் எல்லாரும் செய்வது, கிரெடிட் கார்டை எடுத்து அப்போதே கட்டிவிடுவது. பொறுங்கள். டெக்சஸ் சட்டப்படி ஃபைன் கட்டினால், நீங்கள் 'நோ கான்டெஸ்ட்' (எதிர்த்து வாதாடவில்லை) என்று சொல்லிக் குற்றவாளி எனத் தீர்ப்பானதற்குச் சமம். தீர்ப்பு உங்கள் டிரைவிங் ரெக்கார்டில் ஏறும், இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பார்க்கும். (நண்பர்கள் 'பாயிண்ட்ஸ் போடுவார்கள், வருடா வருடம் சர்சார்ஜ் கட்டணும்' என்று பயமுறுத்தியிருந்தால், அந்தத் திட்டம் 2019 செப்டம்பரிலேயே ரத்தாகிவிட்டது.)

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது இது: வழக்கு இன்னும் முடியாமல் இருக்கிறதா, வாரண்ட் இருக்கிறதா, டிரைவிங் சேஃப்டி கோர்ஸோ (முடித்தால் டிக்கெட் தள்ளுபடியாகும் வகுப்பு) டெஃபெர்ட் டிஸ்போசிஷனோ (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) தருவார்களா? வேகம் வரம்புக்கு மேல் 25 மைலையோ மொத்தத்தில் 95 மைலையோ தொடாமல், ஆட்கள் வேலை செய்யும் கட்டுமானப் பகுதியாகவும் இல்லாமல், கடந்த 12 மாதத்தில் அந்தக் கோர்ஸை எடுக்காமல், டெக்சஸ் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் இருந்தால், டிக்கெட்டில் போட்ட தேதிக்குள் கேட்பவருக்குக் கோர்ஸ் உரிமையாகவே கிடைக்கும். நீங்கள் அந்தத் தேதியைத் தாண்டிவிட்டீர்கள், ஆகவே உரிமை போய்விட்டது. ஆனால் வழக்கு முடியும் முன் ஜட்ஜ் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வீடு மாறியதைச் சொல்லி, பணிவாக எழுத்தில் கேளுங்கள். டெஃபெர்ட் என்றால் அதிகபட்சம் 180 நாள் ஒழுங்காக ஓட்டி, ஜட்ஜ் போட்ட நிபந்தனைகளை முடித்தால் வழக்கு தள்ளுபடி. தாமதமாக வந்தவர்களுக்கு இரண்டில் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

இனி அரெஸ்ட். நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதல்ல, குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற வாக்கு. அதை மீறியதே தனிக் குற்றம், ஆகவே கோர்ட்டில் உங்கள் பேரில் இரண்டு வழக்குகள் இருந்தால் திகைக்காதீர்கள். வாரண்ட் போடும் முன் கோர்ட் தொலைபேசியிலோ தபாலிலோ அறிவிப்பு கொடுத்து இன்னொரு தேதி தர வேண்டும். அது உங்கள் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். (முகவரி மாறினால் 30 நாளுக்குள் டிபிஎஸ்-க்கும், 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடியேற்றத் துறைக்கும் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்யாமல் இருந்தால் இன்றே செய்யுங்கள்.) வாரண்ட் இருந்தாலும், யாரும் பிடிப்பதற்கு முன் நீங்களாகவே கோர்ட் முன் வந்து தீர்த்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு முயன்றால், ஜட்ஜ் அதைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். மேற்கு டெக்சஸ் வரை கார் ஓட்டத்தான் வேண்டுமா என்று கிளார்க்கைக் கேளுங்கள். வேக டிக்கெட்டுக்குத் தபாலில் பதில் சொல்லலாம், சில ஜட்ஜுகள் வீடியோவிலும் பேசுகிறார்கள். வாரண்ட் இருப்பது உறுதியானால் மட்டும் அந்தப் பக்கத்து வக்கீல் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

தொகை எவ்வளவு வரும்? டிக்கெட்டின் ஃபைன், கோர்ட் செலவு, தடையை நீக்க 10 டாலர். வசூல் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தால் 30 சதவீதம் கூடலாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்கலாம், சமூக சேவையும் கேட்கலாம். கட்டியவுடனே தடை போய்விடாது. கோர்ட் ஆம்னிபேஸுக்குச் சொல்லி, அவர்கள் டிபிஎஸ்-க்குச் சொல்ல சில வேலை நாள் ஆகும். அதுவரை காலாவதியான லைசென்ஸோடு ஓட்டி இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

விசாவுக்கு வருவோம். வேக டிக்கெட் ஒன்றால் எச்-1பி ஸ்டாம்பிங் மறுக்கப்படும் என்று பயப்பட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ்தான் தூதரகத்தைக் கலவரப்படுத்தும். ஆனால் தீராத வாரண்டோடு விமானம் ஏறாதீர்கள். டெக்சஸில் வேக டிக்கெட்டும் கிளாஸ் சி மிஸ்டிமீனர் என்ற மிகச் சிறிய வகைக் குற்றம்தான், விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவமோ எந்தக் குற்றத்துக்காவது கைதோ தண்டனையோ உண்டா என்று கேட்கிறது. ஃபைன் கட்டித் தீர்ப்பாகியிருந்தால் 'ஆம்' என்று போட்டு ஒரு வரி விளக்கம் எழுதுவதே என் ஆலோசனை. சில வக்கீல்கள் தேவையில்லை என்பார்கள், உங்கள் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பின்னால் கிரீன் கார்டுக்கான ஐ-485 கைது மட்டுமல்ல, டிக்கெட் கொடுக்கப்பட்டதா என்றும் கேட்கும். வழக்கு தள்ளுபடியானாலும் அங்கே சொல்ல வேண்டும்.

அதனால் வழக்கு முடிந்ததும் கிளார்க்கிடம் சான்றளிக்கப்பட்ட டிஸ்போசிஷன் (வழக்கு எப்படி முடிந்தது என்ற பதிவு) நகல் கேட்டு வாங்குங்கள். இரண்டு வழக்கு இருந்தால் இரண்டுக்கும். ஒரு நகலை ஸ்கேன் செய்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், அசலை ஐ-797 இருக்கும் ஃபைலில் போடுங்கள்.