சேருவிலக் கல்லில் மினுங்குவது தங்கமா?

வணக்கம். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் சேருவிலப் பக்கம் எடுத்த கல்லில் பச்சைப் படலமும் மஞ்சள் மினுக்கமும் தெரிகிறது, தங்கமா என்று கேட்டிருந்தீர்கள். பச்சை அநேகமாக மலக்கைட் என்ற செம்புக் கனிமம். செம்புத்தாது காற்றும் நீரும் பட்டு அப்படி மாறும். மஞ்சள் சால்கோபைரைட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்: செம்பு, இரும்பு, கந்தகம் சேர்ந்த கனிமம். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். பச்சை கலந்த கறுப்புக் கோடு விழுந்தால் அதுதான். தங்கத்தின் கோடோ மஞ்சளாகவே விழும். ஊசியால் குத்தினால் தங்கம் பள்ளமாகும், சால்கோபைரைட் பொடியாக உதிரும்.

அப்புறம் ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். அங்கே 1971இல் கண்டறியப்பட்ட படிவில் செம்புத்தாதும், காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாதான மேக்னடைட்டும் சேர்ந்தே கிடக்கின்றன. இலங்கையின் பழம்பாறைப் பிரிவுகளான உயர்நிலப் பாறைத்தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டிய இடம் அது. காந்தம் ஒட்டினால் அவசியம் எழுதுங்கள், கோட்டின் படத்தோடு.