பயாப்ஸி ‘நார்மல்’ என்று வந்த பிறகும் எண்டோஸ்கோப்பி தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. நான்கு மாதமாக இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது என்கிறார். 58 கிலோ இருந்தவர் இப்போது 49. எண்டோஸ்கோப்பி செய்து, சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. இன்னொரு டாக்டர் மறுபடி செய்யச் சொல்கிறார். அம்மா பயப்படுகிறார். தேவைதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தேவைதான் அம்மா. இந்த வாரமே கூட்டிப்போங்கள். உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயில்கூட இரைப்பை மந்தமாகி இப்படி அடைக்கலாம். ஆனால் 9 கிலோ குறைந்திருக்கும்போது அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

நான் குடல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு பள்ளி ஆசிரியை இதே தொந்தரவோடு வந்தார். எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை, கட்டி இல்லை. காற்றைச் செலுத்தியும் இரைப்பை சரியாக விரியவில்லை. அதைக் கவனித்தும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயாப்ஸி நார்மல். மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வயிற்றில் நீர் கோத்து வந்தார். அந்த மூன்று மாதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அவருக்கு இருந்தது லினைட்டிஸ் பிளாஸ்டிகா என்ற ஒரு வகை இரைப்பைப் புற்றுநோய். 1859-இல் வில்லியம் பிரின்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர் இது. இந்த வகையில் புற்றணுக்கள் கட்டியாகத் திரளாமல், ஒவ்வொன்றாகப் பிரிந்து உள்சவ்வுக்கு அடியில் ஊர்ந்து பரவும். சுவர் தோல் பைபோலத் தடித்து விறைக்கும். விரிய முடியாத வயிறு இரண்டு இட்லியில் நிரம்பிவிடும். பயாப்ஸி இடுக்கியோ மேல் சவ்வில் சில மில்லிமீட்டர்தான் கிள்ளும். நோய் அதற்குக் கீழே இருந்தால் ரிப்போர்ட் நார்மல் என்றுதான் வரும்.

அதனால் மறுபடி செய்யும் டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: இரைப்பை நன்றாக விரிகிறதா? சந்தேகம் இருந்தால் கிள்ளிய குழியிலேயே மீண்டும் கிள்ளி ஆழத்துக்குப் போவார்கள். எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில், அதாவது குழாயின் நுனியிலிருந்தே எடுக்கும் ஸ்கேனில், சுவரின் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். எந்த அடுக்கு தடித்திருக்கிறது என்று பார்க்கலாம். சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். வயிற்று உறையில் பரவிய சின்னச் சின்னப் புள்ளிகள் அதில் தப்பிவிடும் என்பதால் சிலருக்கு வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் யாராவது இள வயதில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பரம்பரையாக வரும் ஒரு வகை உண்டு. அதற்குக் காரணமான சி.டி.எச்.1 மரபணுக் கோளாறை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில்தான் கண்டறிந்தார்கள்.

அப்புறம், பழைய ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. லேபில் கேட்டு சிலைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளையும் வாங்கிப் போங்கள். முத்திரை மோதிரம் போலத் தெரியும் இந்தப் புற்றணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கண்ணுக்குத் தப்பும். இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கட்டும். அம்மாவின் பயத்துக்கு, மயக்க ஊசி போட்டுச் செய்யச் சொல்லலாம். அவருக்குப் பெரிதாகத் தெரியாது.