429 கோடிச் சொச்சம்: ஓர் எண்ணைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: 429,49,67,295 பகா எண்ணா?

இல்லை. 5-இல் முடிகிறதே, அதுவே போதும். காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65,537. இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதிலிருந்துதான் வரும்.

கேள்வி: கணினியில் இந்த எண் ஏன் அடிக்கடி தலைகாட்டுகிறது?

2-இன் 32-ஆம் அடுக்கில் 1 குறைவு. இரும முறையில் எழுதினால் வரிசையாக 32 ஒன்றுகள். குறி இல்லாமல் 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான்.

கேள்வி: அந்த ஐந்து காரணிகளுக்குள் ஏதாவது ஒழுங்கு உண்டா?

உண்டு. 2, 4, 16, 256, 65,536 ஆகியவற்றோடு 1 கூட்டிப் பாருங்கள். அந்த வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதன் வர்க்கம். அவற்றோடு 1 கூட்டி வரும் பகா எண்களுக்குக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் பெயரால் ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர்; ஐந்தும் அவைதான். அடுத்ததான 2³² + 1-உம் பகா எண்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 வகுப்பதைக் கண்டுபிடித்தார். ஆறாவது ஃபெர்மா பகா எண் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இதனால் வடிவியலிலும் நம் எண்ணுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரையலாம் என்று 1796-இல் காஸ் காட்டினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். ஐந்தையும் பெருக்கினால் நம் எண். அதாவது, இப்படி வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 429 கோடிச் சொச்சம் பக்கங்கள். வரைந்தால் வட்டம் போலத்தான் தெரியும், அது வேறு விஷயம்!

கேள்வி: நிறைவு எண்ணா?

இல்லை, குறைவு எண். நிறைவு எண்ணில், தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வரும்; இங்கே வருவது நம் எண்ணில் ஏறத்தாழ 70 சதவீதம்தான்.

கேள்வி: முக்கோண எண்ணாக இருக்குமோ?

நல்ல கேள்வி. 1, 1 + 2, 1 + 2 + 3 என்று வரும் கூட்டுத்தொகைகள்தான் முக்கோண எண்கள். அப்படி ஓர் எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் முழு வர்க்கம் வரவேண்டும். இங்கே வருவது 2³⁵ − 7. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது வர்க்கம் கிடைக்கும்? 1913-இல் இதைக் கேட்டவர் ராமானுஜன். 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளைச் சொல்லி, வேறு உண்டா என்றார். வேறு இல்லை என்று 1948-இல் நாகெல் நிறுவினார். 35 அந்தப் பட்டியலில் இல்லை; ஆகவே முக்கோண எண் இல்லை.

கேள்வி: பாஸ்கல் முக்கோணத்துக்கும் இதற்கும் தொடர்பாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாஸ்கல் முக்கோணத்தின் ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூட்டுத்தொகை. அதில் ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17 என்று போகும். முதல் 32 வரிகள் நம் எண்ணின் 32 வகுத்திகளையும் ஏறுவரிசையில் தந்துவிடும். 32-ஆம் வரி நம் எண்ணேதான். 33-ஆம் வரியில் 2³² + 1 வருகிறது, அதற்கு நம் வகுத்திப் பட்டியலில் இடமில்லை.